நூற்று நாற்பத்து நான்கு சுற்று

கோயமுத்தூரில் கணபதிக்கு வடக்கே, லேத் பட்டறைகளின் இரும்புத்தூள் செருப்பில் ஒட்டாமல் யாரும் வீடு திரும்ப முடியாத செக்குமேட்டு வீதியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகல் பதினொன்றேகாலுக்கு, எந்தக் கம்பத்தோடும் எந்தப் பேட்டரியோடும் ஒட்டு உறவு இல்லாத ஒரு குண்டு பல்பு எரியத் தொடங்கியது. எரிந்தது எரிந்தபடியே இருந்தது. அதற்கு முன் பத்தொன்பது வருஷமாக அது எரியாமல் இருந்ததைத்தான் அந்த வீதி வாய் வலிக்கப் பேசிக்கொண்டிருந்ததே ஒழிய, எரிந்ததற்காக ஒருவரும் மூக்கில் விரலை வைக்கவில்லை. "அப்பாடா, ஒருவழியா எரிஞ்சுதா?" என்று கேட்டுவிட்டு எல்லோரும் மதியச் சமையலைப் பார்க்கப் போய்விட்டார்கள்.

ஆனால் துளசிமணி மட்டும் சமையலை மறந்து அந்தப் பல்பையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஏனென்று சொல்கிறேன்.

துளசிமணி பம்ப் மோட்டார் செய்யும் ஒரு கம்பெனியில் இருபத்தாறு வருஷமாகக் காயில் சுற்றுகிறவள். செம்புக் கம்பியை அச்சில் மாட்டி, கைப்பிடியைச் சுழற்றி, ஒன்று இரண்டு மூன்று என்று வாயால் எண்ணிக்கொண்டே சுற்றுவாள். மிஷினிலேயே எண்ணிக்கை காட்டும் கருவி உண்டு. ஆனாலும் அந்தக் கருவி ஒன்று சொல்லி துளசிமணியின் வாய் இன்னொன்று சொன்னால், சூப்பர்வைசர் சென்னியப்பன் கருவியைத்தான் கழற்றி ரிப்பேருக்கு அனுப்புவார். அவள் பத்தாவது தாண்டவில்லை, நாலு பேர் நடுவில் எழுந்து பேசத் தெரியாது, சமையல்கூடச் சுமார்தான் என்று அவளுடைய வீட்டுக்காரரே கல்யாண வீடுகளில் சொல்லிச் சிரிப்பார். இந்த உலகத்தில் அவளுக்கென்று இருந்த பெயர் ஒன்றே ஒன்று, எண்ணிக்கை தப்பாத கை என்பது. அந்தப் பெயரை அவள் தாலிக்கு அடுத்தபடியாகப் பத்திரமாக வைத்திருந்தாள்.

அந்தப் பெயரைக் கேள்விப்பட்டுத்தான் ஒன்பது வருஷத்துக்கு முன்னால் கெங்குசாமி அவளைத் தேடி வந்தார். பாலிடெக்னிக் ஒன்றில் சோதனைக்கூட உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அங்கே வாத்தியார்கள் தூக்கிப் போட்ட காந்தங்களையும் கம்பிகளையும் வீட்டுக்குப் பின்னாலுள்ள தகரக் கொட்டகையில் சேர்த்து வைத்துக்கொண்டு, ஒன்றும் கொடுக்காமலே கரண்ட் எடுத்துக் காட்டுகிறேன் பார் என்று கிளம்பியவர். அவருடைய நோட்டில் பக்கம் பக்கமாகக் கணக்குகள் ஓடி, கடைசியில் எல்லாம் ஒரே எண்ணில் போய் முட்டி நிற்கும்: நூற்று நாற்பத்து நான்கு சுற்று. காந்தத்தை மாற்றுவார், கம்பியின் கனத்தை மாற்றுவார், இரண்டையும் பொருத்தும் பலகையை மாற்றுவார், அந்த எண்ணை மட்டும் மாற்றவே மாட்டார். ஒரு காயில் சுற்றிக் கொடுக்க வந்த துளசிமணி, அந்தக் கொட்டகையில் யாரும் யாரையும் விரட்டாமல் வேலை செய்ததைப் பார்த்து, அடுத்த ஞாயிறும் வந்தாள், அதற்கடுத்த ஞாயிறும் வந்தாள். அவளோடு டிவி மெக்கானிக் இருதயராஜும் தையல்காரர் சம்சுதீன் பாயும் சேர்ந்து நாலு பேர்.

அந்த நாலு பேருக்கும் இரண்டு சட்டங்கள் இருந்தன. முதலாவது, சோதனைக்கு முன்னால் எல்லோரும் வாட்ச், போன், டார்ச் லைட் எல்லாவற்றையும் வாசலிலுள்ள பிளாஸ்டிக் பேசினில் போட்டுவிட்டு, செய்தவர் இரண்டு கையையும் தூக்கிக் காட்ட வேண்டும். ஒரு தடவை ஒரு சின்ன லைட் எரிந்து, ஆளாளுக்குக் கட்டிப்பிடித்து அழுது, கேசரி கிண்டிச் சாப்பிட்ட பிறகு, பலகைக்கு அடியில் இருதயராஜ் மறந்து வைத்த பேட்டரி செல் ஒன்று கிடைத்ததிலிருந்து வந்த சட்டம் அது. இரண்டாவது, துளசிமணி எண்ணும்போது யாரும் வாய் திறக்கக் கூடாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை இரண்டாவது சட்டத்தை இருதயராஜ் உடைத்தான். பதினோரு வருஷமாக அவன் ஒரு காந்தச் சக்கரம் செய்துகொண்டிருந்தான். ஓட ஆரம்பித்தால் நிற்கவே நிற்காது, ஆனால் ஓட ஆரம்பிக்காது. முந்தின நாள் அவனுடைய மாமியார் ஊரிலிருந்து வந்தவர், சக்கரத்துக்கு எதிரே நாற்காலி போட்டு அரைமணி நேரம் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "ஏனுங் மாப்ள, நிக்கவே நிக்காதுன்னீங்க, நான் வந்ததுல இருந்து நின்னுட்டுத்தான இருக்குது?" என்று மரியாதையாகக் கேட்டாராம். இதை அவன் சம்சுதீன் பாயின் காதில் குசுகுசுவென்று சொல்ல, பாய் மூக்கு வழியாக ஒரு சத்தம் போட, அந்தச் சத்தத்தில் துளசிமணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்தது சாதாரணச் சிரிப்பா? கண்ணில் தண்ணீர் வந்து, விலா வலித்து, மூச்சு வாங்கி, அடங்கினாற்போல் அடங்கி மறுபடியும் கிளம்பி, அத்தனை நேரமும் வாய் சிரித்ததே தவிர கை பழக்கதோஷத்தில் கைப்பிடியைச் சுழற்றிக்கொண்டே இருந்தது. சிரிப்பு நின்றபோது எத்தனை சுற்று போயிருந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை. இருபத்தாறு வருஷத்தில் முதல் தடவை.

பிரித்துவிட்டு முதலிலிருந்து சுற்றியிருக்கலாம். ஆனால் இது எரியவா போகிறது? இதுவரை முன்னூறுக்கு மேல் சுற்றியாகிவிட்டது, ஒன்றும் எரிந்ததில்லை. எரியாத விளக்குக்கு எண்ணிக்கை என்ன, எண்ணாதது என்ன. அவள் கண் மதிப்பாக இன்னும் கொஞ்சம் சுற்றி, நாடாவால் கட்டி நீட்டினாள்.

"நூத்து நாப்பத்தி நாலாச்சா அம்மிணி?" என்றார் கெங்குசாமி.

"ஆச்சுங்க சார்."

பேசினில் எல்லாவற்றையும் போட்டார்கள், கையைத் தூக்கினார்கள், கம்பியைத் தொடுத்தார்கள். பல்பு எரிந்தது.

அதன் பிறகு நடந்ததெல்லாம் நடக்கவேண்டியபடியே நடந்தது. அந்தப் பலகை பல்பையும் எரித்துக்கொண்டு, கூடவே இன்னும் ஒரே ஒரு பொருளுக்கும் கரண்ட் கொடுக்கும், இரண்டாவதாக ஒன்றை மாட்டினால் முதலில் மாட்டியது மரியாதையாக நின்று வழிவிடும் என்று கண்டுபிடித்தார்கள். உடனே கொட்டகைக் கதவில் ஒரு அட்டை தொங்கியது: காலையில் மாவுக்கடை கோகிலாவின் கிரைண்டர், முற்பகலில் சம்சுதீன் பாயின் தையல் மிஷின், மதியம் யாருக்குப் புழுக்கமோ அவருக்கு ஒரு டேபிள் ஃபேன், சாயங்காலம் எல்லோருக்கும் பொதுவாக டிவி. வீதி அதற்குச் சும்மா கரண்ட் என்று பெயர் வைத்தது. சும்மா கரண்டில் ஆட்டிய மாவில் இட்லி பூப்போல வருகிறது என்றார்கள். சும்மா கரண்டில் தைத்த ரவிக்கை முதல் தடவையே அளவு சரியாக இருக்கிறது என்றார்கள், இதைச் சம்சுதீன் பாய் கொஞ்சம் ரோஷத்தோடுதான் ஏற்றுக்கொண்டார். சும்மா கரண்டில் ஓடும்போது சீரியலில் வரும் மாமியார்கூட இரண்டு வார்த்தை குறைத்துப் பேசுகிறாள் என்று ஒரு கிழவர் சத்தியம் செய்தார். தன் முறை வராதவர்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள், முறை வந்ததும் இறக்கி வைத்தார்கள். பக்கத்து வீதியில் பெண் பார்க்க வந்தவர்கள், பேச்சுவாக்கில், கல்யாணத்தன்று சீரியல் லைட் ஒரு வரிசை சும்மா கரண்டில் போட முடியுமா என்று கேட்டார்களாம். மின்சார ஆபீஸிலிருந்து ஒருவர் வந்து, கம்பத்தைப் பார்த்து, மீட்டரைப் பார்த்து, கொட்டகையைச் சுற்றி மூன்று தடவை நடந்துவிட்டு, "எங்க கம்பத்துல இருந்து வரலீங்க, அப்புறம் எனக்கென்னங்க?" என்று சொல்லி, டீயைக் குடித்துவிட்டு, தன் போனுக்குக் கொஞ்சம் சார்ஜ் ஏற்றிக்கொள்ளலாமா என்று கேட்டார். கோகிலாவின் முறை அது. அவள் பெரிய மனசு பண்ணி கிரைண்டரைக் கழற்றிக் கொடுத்தாள்.

எல்லோரும் சந்தோஷமாக இருந்தார்கள். துளசிமணிக்கும் சந்தோஷம்தான், இல்லையென்று சொன்னால் பொய். ஆனால் சந்தோஷத்துக்கு அடியில் ஒரு கல் கிடந்து உறுத்தியது. ஊரே கெங்குசாமியின் நூற்று நாற்பத்து நான்கைக் கொண்டாடியது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் அந்த எண்ணைச் சுவரில் எழுதினார்கள். அந்தக் காயிலுக்குள்ளே எத்தனை சுற்று இருக்கிறது என்று சுற்றியவளுக்கே தெரியாது. போதாக்குறைக்கு, இதைப்போலவே இன்னும் செய்து வீட்டுக்கு ஒன்று கொடுக்கலாம் என்று கெங்குசாமி சொல்ல, துளசிமணி நெற்றி வியர்க்க, ஒன்றுகூடப் பிசகாமல், நூற்று நாற்பத்து நான்கு சுற்றில் மூன்று காயில் சுற்றிக் கொடுத்தாள். மூன்றும் எரியவில்லை. "காந்தம் சரியில்ல" என்றார் கெங்குசாமி. மூன்று தடவையும் காந்தத்தைத் திட்டினார். காந்தம் என்ன செய்யும் பாவம்.

சொல்லிவிட வேண்டும் என்று அவள் மூன்று தடவை கிளம்பினாள். முதல் தடவை போனபோது அவர் பல்புக்கு எதிரே தனியாக உட்கார்ந்து, யாரும் பார்க்காத தைரியத்தில் அழுதுகொண்டிருந்தார்; வந்த வழியே திரும்பிவிட்டாள். இரண்டாவது தடவை வீட்டுக்கே போனாள். பத்தொன்பது வருஷமாக அந்தக் கொட்டகையைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்ளும் அவர் மனைவி சுலோசனா, அவருடைய தட்டில் கேட்காமலே இரண்டாவது வடையை வைத்துக்கொண்டிருந்தாள். அந்த வடையைப் பார்த்த பிறகு எந்த வாயால் சொல்வது? மூன்றாவது தடவை கிளம்பிய அன்று அவரே கம்பெனி வாசலுக்கு வந்து நின்றார்.

"அம்மிணி, கணக்கு என்றதா இருக்கலாம். ஆனா கை உன்றது. வேற எந்தக் கையா இருந்தாலும் ஒரு சுத்து முன்னப் பின்ன ஆயிருக்கும். ஊருக்கே சொல்லிட்டு வர்றேன்."

சொன்னால் அவருடைய கணக்கு போகும், சொன்னால் தன்னுடைய பெயரும் போகும். இரண்டில் எதற்காக வாயை மூடிக்கொண்டு நிற்கிறோம் என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. தன் பெயருக்காகத்தான் என்று பல் துலக்கும்போது தெரிந்தது, பஸ்ஸில் போகும்போது தெரிந்தது, தெரிந்த பிறகு தன்மேலேயே ஒரு வெறுப்பு வந்தது.

இப்படியிருக்க, வீதி நலச் சங்கம் கெங்குசாமிக்குப் பாராட்டு விழா எடுத்தது. சங்கத்துக்குச் செயலாளர் வேறு யாருமில்லை, துளசிமணியின் சூப்பர்வைசர் சென்னியப்பன்தான். ஞாயிற்றுக்கிழமை காலை, கொட்டகைக்கு முன்னால் பந்தல் போட்டு, மைக் கட்டி, பல்பும் பலகையுமாக எல்லாவற்றையும் மேஜைமேல் வைத்தார்கள். கெங்குசாமி வேலை பார்த்த பாலிடெக்னிக்கின் முதல்வரே வந்திருந்தார். அவர் மரியாதையான மனிதர், மாலையைப் போட்டார், பொன்னாடையைப் போர்த்தினார், பிறகு மெல்ல ஒரு கேள்வியைக் கேட்டார்.

"எல்லாம் சரிங்க. ஆனா நூத்தி நாப்பத்தி நாலுதான்னு எப்படிச் சொல்றீங்க? யாராவது எண்ணிப் பார்த்தீங்களா?"

சென்னியப்பன் மைக்கைப் பிடுங்காத குறையாக வாங்கினார். "எண்ணவே வேண்டியதில்லீங்க. சுத்துனது யாரு? எங்க துளசிமணி. இருபத்தாறு வருஷம், ஒரு சுத்து, ஒரே ஒரு சுத்து தப்பிருந்தா நான் மீசைய எடுத்துக்கறனுங்க!"

கூட்டம் கைதட்டியது. முன்வரிசைப் பெண்கள் துளசிமணியின் முதுகில் தட்டினார்கள்.

கெங்குசாமி எழுந்தார். அன்றைக்கு அவர் புதுச் சட்டை போட்டிருந்தார், காலரில் பின் குத்தின தடம்கூட இன்னும் போகவில்லை. "ஐயா கேட்டது நியாயமான கேள்வி. பத்தொன்பது வருஷமா என்னை யாரும் நியாயமா ஒரு கேள்வி கேட்டதில்ல. நல்லவேளை, இந்தக் காயிலுக்கு இன்னும் வார்னிஷ் அடிக்கல. அடிச்சிருந்தா கம்பியெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக் கல்லாயிருக்கும், ஒருத்தரும் பிரிக்க முடியாது. இப்பவே உங்க முன்னாலயே பிரிச்சு எண்ணிக் காட்டறேன். பல்பு அணையும். அணையட்டும். எண்ணி முடிச்ச கையோட நம்ம துளசி மறுபடி சுத்துவா, மறுபடி எரியும். எண்ணிக்கைதான் நம்மகிட்ட இருக்குதே!"

மேஜைமேல் இருந்த கட்டரை எடுத்து, காயிலைக் கட்டியிருந்த நாடாவுக்கு அடியில் நுழைத்தார்.

"சார்!"

அது தன்னுடைய குரல்தான் என்று துளசிமணிக்குக் கொஞ்சம் பொறுத்துத்தான் புரிந்தது. நாலு பேர் நடுவில் எழுந்து பேசத் தெரியாதவள், நானூறு பேர் நடுவில் எழுந்து நின்றுகொண்டிருந்தாள்.

"பிரிக்காதீங்க சார். மறுபடி சுத்தத் தெரியாதுங்க எனக்கு. அன்னைக்கு நான் எண்ணலீங்க."

கெங்குசாமி கட்டரை எடுக்கவும் இல்லை, அழுத்தவும் இல்லை.

"எண்ணலைன்னா?"

"பாதியில விட்டுட்டனுங்க. இருதயராஜ் அவங்க மாமியார் கதையைச் சொன்னாருங்க. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. வாய் நின்னு போச்சு, கை நிக்கலீங்க. எவ்வளவு நேரம் சிரிச்சேன்னு தெரீல, எத்தனை போச்சுன்னு தெரீல. நீங்க கேட்டீங்க, ஆச்சுன்னு பொய் சொல்லிட்டனுங்க. எரியும்னு நெனைக்கலீங்க சார். மூணு தரம் சொல்ல வந்தேன். என்ற பேரு போயிருமேன்னு திரும்பிட்டேன்."

சொல்லி முடித்தபோது அவளுக்கு அழுகை வரவில்லை. மாசக்கணக்கில் தலைமேல் இருந்த தண்ணிக் குடத்தை இறக்கி வைத்ததுபோல் கழுத்து லேசாக இருந்தது. சென்னியப்பன் தன்னையறியாமல் மீசையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். இருதயராஜ் குனிந்து செருப்பின் வாரைச் சரிசெய்தான், அவன் போட்டிருந்தது வாரில்லாத செருப்பு.

கெங்குசாமி குனிந்து காயிலைப் பார்த்தார். பத்தொன்பது வருஷத்துக் கணக்கு, அத்தனை நோட்டுகள், சுவரில் பிள்ளைகள் எழுதிய எண், தட்டில் விழுந்த இரண்டாவது வடை, எல்லாம் அந்த முகத்தில் ஒவ்வொன்றாக வந்து போவதைத் துளசிமணி பார்த்தாள். இந்த மனுஷனை இத்தனை பேர் முன்னால் இப்படி நிறுத்திவிட்டோமே என்று அவள் நெஞ்சு வெந்தது. அவர் முதல்வரைப் பார்த்தார், சுலோசனாவைப் பார்த்தார், பகல் வெளிச்சத்திலும் பிடிவாதமாக எரிந்துகொண்டிருந்த பல்பைப் பார்த்தார். பிறகு நாடாவுக்கு அடியிலிருந்து கட்டரை மெதுவாக உருவிப் பையில் போட்டுக்கொண்டார்.

"பாய், உள்ள அலமாரில வார்னிஷ் டப்பா இருக்குது. பிரஷும் எடுத்துட்டு வாங்க."

சம்சுதீன் பாய் ஓடிப்போய்க் கொண்டுவந்தார். கெங்குசாமி பொன்னாடையை மடித்து நாற்காலியில் வைத்துவிட்டு, நானூறு பேர் பார்த்துக்கொண்டிருக்க, பிள்ளைக்கு எண்ணெய் தேய்க்கிறவரைப்போல அந்தக் காயிலுக்கு வார்னிஷ் அடித்தார். மேலே அடித்தார், பக்கவாட்டில் அடித்தார், உள்பக்கம் விரலை விட்டுத் தடவினார், ஒரு கம்பிகூட விடவில்லை. வார்னிஷ் வாசனை பந்தல் முழுக்கப் பரவி, பந்தியிலிருந்து வந்த பிரியாணி வாசனையை அமுக்கியது. பல்பு ஒரு தடவைகூடக் கண் சிமிட்டவில்லை.

"ஆச்சு. இனி இதை யாரும் எண்ண முடியாது" என்று பிரஷைக் கீழே வைத்தார். முதல்வர் ஏதோ சொல்ல வாயெடுத்து, நல்ல மனிதர், சொல்லாமல் விட்டுவிட்டார்.

பிறகு கெங்குசாமி மைக்கை விட்டு நகர்ந்து, மேடையின் ஓரத்துக்கு வந்து, துளசிமணிக்கு நேராக வந்து நின்றார். அவருடைய கண் சிவந்திருந்தது. ஆனால் குரலில், ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் சோதனைக்கு முன்னால் வரும் அதே ஆசை இருந்தது, முன்னூறு தடவை தோற்றும் தேயாத ஆசை.

"ஏன் அம்மிணி," என்று அவளுக்கு மட்டும் கேட்கிறமாதிரி கேட்டார், "நீ சிரிச்ச நேரத்துக்குக் கை சும்மா இருக்கல இல்ல? கண் மதிப்புல வேற கொஞ்சம் சுத்திருக்கற. அப்ப, நூத்து நாப்பத்தி நாலாவும் இருக்கலாமில்ல?"

சரியாக நூற்று நாற்பத்து நான்கு சுற்றியும் எரியாத அந்த மூன்று காயில்களும் கொட்டகை அலமாரியில் இருப்பது இரண்டு பேருக்கும் தெரியும். இருபத்தாறு வருஷமாக, ஒரு காயிலில் எத்தனை சுற்று என்று கேட்டால் எண்ணைத் தவிர வேறு எதையும் பதிலாகச் சொல்லியறியாத துளசிமணி, அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"இருக்கலாமுங்க சார்" என்றாள்.